இரண்டரை மணி நேரம் முன்னால்

அனிசகான் அருவிக்கு இறங்கும் வழியில்
கைபேசியில் ஒரு கோடு குறைந்தது.
இன்னொரு வளைவில் எல்லாமே போனது.
கடைசியாக வந்து சேர்ந்தது நீ அனுப்பிய படம்:
ஸொராக்ஸான் மலை, சிவந்த மேப்பிள்,
நுனி தூக்கிய கூரையோடு ஒரு கோயில்,
அதன் பின்னால் நூலாய் ஓர் அருவி,
முன்னால் நீ,
யாரிடமோ இரவல் வாங்கிய குளிர்ச்சட்டையில்
தோள் இரண்டும் தொங்க.

வீட்டில் நீ கோதண்டம்.
கடவுச்சீட்டில் ஸா மின் தெய்ன்.
அங்கே ஃபோர்மேன் கூப்பிடுவது மின்-ஸீ.
படத்தில் சிரிப்பது இவர்களில் யாரென்று
பெரிதாக்கிப் பார்த்தேன்.
மூக்குதான் தெரிந்தது.

மா தின்சா முன்னே இறங்குகிறாள்,
செருப்பைக் கையில் பிடித்தபடி.
அவள் புருஷனும் உன் ஆலையில்தான், பெயின்ட் பிரிவு.
"கோயிலும் அருவியும்
அவர்களுக்கு மட்டும்தானா?" என்று கேட்டு
மாண்டலேயில் பிக்கப் பிடித்தவள் அவள்தான்.
தனக்கா பூசிய கன்னத்தில்
வியர்வை இரண்டு வாய்க்கால் வெட்டியிருக்கிறது.

முக்கால் மணி நேர இறக்கம்.
மூங்கில், பாறை, வேர், மறுபடி பாறை.
தண்ணீர் விற்கும் சிறுமி
ஐஸ் பெட்டியைத் தோளில் ஏற்றி
எங்களைத் தாண்டிப் போகிறாள், மூச்சு வாங்காமல்.
"கீழே வந்து வாங்கினால் போதும்" என்கிறாள்,
கடன் கொடுத்தவள் தவணை சொல்வதுபோல.

அருவி முதலில் காதில் விழுந்தது.
அப்புறம் முகத்தில்.
கடைசியில்தான் கண்ணில்.

அடுக்கடுக்காய் வெள்ளை.
அடியில் சின்னதாய்ப் பொன்னிறப் பயா,
கட்டிய நாள்முதல் காய்ந்தே இருக்காது போல.
மா தின்சா மூன்று முறை விழுந்து கும்பிட்டாள்.
நான் நம் வழக்கப்படி கற்பூரம் எடுத்தேன்.
சாரலில் பதினொரு தீக்குச்சி வீண்.
பன்னிரண்டாவதை உரசவில்லை,
ஏதாவது மிஞ்சட்டுமென்று.

அந்த மலையில் கல்மேல் கல் அடுக்கி
வேண்டிக்கொள்வார்கள் என்றாயே,
எனக்காக ஒன்று வைத்தேன் என்றாயே,
எவ்வளவு பெரிய கல் என்று சொல்லவில்லை நீ.
நானும் அடுக்கினேன். ஐந்து நின்றது.
ஆறாவது உனக்கு.
அதைத் தேடிக் குனிந்த நேரத்தில்
சிறுமி வந்து உச்சிக் கல்லை எடுத்துப் போய்
ஐஸ் பெட்டி மூடிமேல் வைத்தாள்.
ஏதும் சொல்லத் தோன்றவில்லை.
அருவிக் காற்றில்
மூடி அதன்பின் பறக்கவில்லை.

ஏறும்போது பேச்சில்லை.
பாதி மலையில் ஒரு கோடு திரும்பியது,
கூடவே உன் குரல், நாற்பது விநாடி:
"ஒப்பந்தத்தை நீட்டிவிட்டேன்.
இன்னும் நாலு வருஷம் பத்து மாசம்.
கோபப்படாதே. ஓவர்டைம் நிறைய இருக்கு."
பின்னால் ஏதோ ஓர் இயந்திரம்
விடாமல் விழுந்துகொண்டிருந்தது.

திரும்பும் வழியில்
லாரியிலிருந்து விழுந்த புத்தரைப் பார்த்தோம்.
சீனாவுக்கு மூன்று சிலை ஏற்றிப் போனார்களாம்.
இவர் மட்டும் இங்கே உருண்டாராம்.
எத்தனை பேர் தூக்கியும் அசையவில்லையாம்.
சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று
கோயிலே கட்டிவிட்டார்கள்.

சலவைக்கல் முகம். எதிரே உட்கார்ந்து
வேண்ட வந்ததை மனதில் ஒருமுறை எடுத்தேன்.
என்னாலும் தூக்க முடியவில்லை.
போக மறுத்தவரிடம்
போனவனைப் பற்றி என்னவென்று கேட்பது?
உங்களோடு கிளம்பிய மற்ற இருவரும்
அங்கே எப்படி இருக்கிறார்கள்,
சாப்பாடெல்லாம் ஒத்துக்கொண்டதா
என்றுதான் கேட்டேன்.

பிக்கப்பில் ஏறியதும்
அருவியின் ஓசையை மட்டும் உனக்கு அனுப்பினேன்.
படம் வேண்டாம் என்று பட்டது.
அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால்,
இரவு ஷிஃப்டுக்கு நீ சட்டை மாற்றும் வேளை.
உடனே எழுதினாய்:
"எங்க பிரஸ் மெஷின் சத்தம்
உனக்கு எப்படிக் கிடைத்தது?"

மா தின்சா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
அவளுக்குத் தமிழ் தெரியாது;
நான் சிரித்ததைப் பார்த்துச் சிரித்தாள்.

இன்னும் பதில் எழுதவில்லை.
பியின் ஊ ல்வினில் வாங்கிய ஸ்ட்ராபெரி ஜாம்
மூடி சரியில்லாமல் மடியில் கசிந்து
லுங்கியெல்லாம் சிவப்பு.
முதலில் அதை அலச வேண்டும்.